பிழைக்கு ஓர் இடம்: வீட்டுப் பதிவும் பம்பாய்த் தமிழரின் செவியும்

மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பகுதியிலிருந்து தாராவியின் 90 அடிச் சாலைக்கு நடந்தே சென்றுவிடலாம். இடையில் குறுக்கிடுவது மத்திய இரயில்வேயின் தண்டவாளம். தாராவியின் தோல் பதனிடும் பட்டறைகளுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து உழைக்க வந்தவர்கள் ஒருபுறம். 1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த புதிய மனைப்பிரிவுகளில், அலுவலக வேலையுடன் குடியேறியவர்கள் மறுபுறம். இரு சாராரின் மொழி ஒன்று. ஆனால் இசையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் செவி இரு வேறு வழிகளில் வளர்ந்தது. தண்டவாளத்தின் எந்தப் பக்கம் வாழ்ந்தாலும், கிட்டாரைக் கையில் எடுத்த ஒருவருக்கு அவருடைய பிழையைச் சொல்ல யார் இருந்தார் என்னும் கேள்வியை இந்தப் பின்னணியில் வைத்தே காணவேண்டும்.

மாட்டுங்காவின் செவி சபையின் செவி. ஸ்ரீ சண்முகானந்த சபை 1952இல் நிறுவப்பட்டது. அதன் பேரரங்கம் 1963இல் எழுந்து, 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. செம்பூரில் 1962இல் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி தோன்றியது. இத்தகைய அவைகளில் விமரிசனம் பெரும்பாலும் சொல்லாக வெளிப்படுவதில்லை. தொடையில் தாளமிடும் கை, தலையசைப்பு, 'பலே', 'சபாஷ்' ஆகியவை பாராட்டின் வடிவங்கள். மௌனமும், தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து சிற்றுண்டிச்சாலைக்குச் செல்வதும் கண்டனத்தின் வடிவங்கள். எந்த இடத்தில் பிழை நேர்ந்தது என்பதைச் சபை கூறாது. அதைக் கூறும் உரிமை குருவினுடையது. மாணவர் பிசகிய கணத்திலேயே குரு நிறுத்துகிறார், தாமே பாடிக் காட்டுகிறார், மீண்டும் தொடங்கச் செய்கிறார். துல்லியத்தில் இதற்கு ஈடான முறை அரிது. ஆனால் குருவின் வீட்டுக் கூடத்தில் இடம் பெறுவதற்குச் சாதி, வருவாய், ஓய்வு நேரம் ஆகிய அனைத்தும் நெடுங்காலம் நுழைவுச் சீட்டுகளாக இருந்தன.

தாராவியின் செவி வேறுவகையில் உருவாயிற்று. கோயில் கொடை, தேவாலயப் பாடகர் குழு, திருமண ஊர்வலம், அரசியல் மேடை என அங்கு இசை திறந்தவெளியில் நிகழ்ந்தது. தீர்ப்பும் அங்கேயே உடனுக்குடன் வாய்விட்டு வழங்கப்பட்டது. பிற்காலத்தில் ராப் பாடும் இளைஞர் வட்டங்கள் இவ்வழக்கத்தையே தொடர்ந்தன. ஒருவர் வரி சொல்ல, மற்றவர் மறுவரியால் விடையளிப்பது அங்கு விமரிசன முறையாகவே அமைந்தது. தாராவியின் டோப்படெலிக்ஸ் குழு 2018இல் வெளியான 'காலா' திரைப்படத்தின் பாடல்களில் பங்கேற்றபோது, தெருவில் கூர்தீட்டப்பட்ட அந்தக் குரல் தமிழகம் முழுவதும் கேட்டது. இங்கும் ஒரு வரம்பு உண்டு. வட்டத்தில் நிற்பவருக்கே மறுவரி கிடைக்கும். அறைக்குள் தனியே தந்தியை மீட்டுபவருக்கு அது எட்டாது.

கிட்டார் இவ்விரு செவிகளுக்கும் வெளியே இருந்து வந்த கருவி. பம்பாயில் அது வேரூன்றியதில் கோவா இசைக்கலைஞர்களுக்கும் தேவாலயங்களுக்கும் பெரும் பங்குண்டு. தோபி தாலாவ் பகுதியில் ஃபர்டாடோஸ் இசைக்கடை 1865 முதல் மேற்கத்திய இசைக்குரிய பொருள்களை விற்றுவந்தது. தமிழ் வீடுகளில் கிட்டார் மீதான ஆசையை வளர்த்தது திரையிசை. 'பயணங்கள் முடிவதில்லை' திரைப்படத்தின் 'இளைய நிலா' பாடல் 1982இல் வெளிவந்தபின், அதன் கிட்டார்ப் பகுதியை வாசித்துப் பார்ப்பது பல தமிழ் இளைஞர்களுக்கு எழுதப்படாத தேர்வாயிற்று. தேர்வு இருந்தது, தேர்வாளர் இல்லை. கர்நாடக இசை ஆசிரியருக்குக் கார்டு அடுக்குகள் பழக்கமில்லை. வீட்டாருக்கோ எல்லாம் நன்றாகவே கேட்டது. வாசித்தவருக்கும் அப்படியே கேட்டது என்பதுதான் சிக்கலின் மையம்.

இதற்கு ஓர் இயற்பியல் காரணம் உண்டு. கிட்டார் வாசிப்பவர் தம் கருவியை அதன் பின்னாலும் மேலும் இருந்து கேட்கிறார். அதன் உடற்பகுதி மார்போடு ஒட்டியிருப்பதால் அதிர்வின் ஒரு பங்கு உடல் வழியாகவே அவரை அடைகிறது. எதிரே இருப்பவருக்கோ ஒலித்துளை நேர்முகமாக நின்று வேறோர் ஒலியைத் தருகிறது. மேலும் வாசிப்பவரின் கவனம் விரல்களில் குவிந்திருக்கும். கடினமான பகுதியில் தயங்குவதும், எளிய பகுதியில் விரைவதும் அவருக்குப் புலப்படுவதில்லை. தம் வாசிப்பைத் தாமே எதிரில் அமர்ந்து கேட்க ஒரு பொறி தேவைப்பட்டது.

அப்பொறியின் வரலாற்றில் ஒரு முரண் காணப்படுகிறது. எடிசன் 1877இல் உருவாக்கிய ஒலிப்பதிவுக் கருவி பதிவும் செய்யும், ஒலிக்கவும் செய்யும். பேச்சுப் பயிற்சிக்கு அது உதவும் என்று மறு ஆண்டிலேயே அவர் எழுதினார். அதன் வழிவந்த மெழுகு உருளைகளில் வீட்டிலேயே பதிந்து, கேட்டு, மேற்பரப்பைச் சீவிவிட்டு மீண்டும் பதிய முடிந்தது. பின்னர்ச் சந்தையை வென்ற கிராமபோன் தட்டு இவ்வாய்ப்பைப் பறித்தது. தட்டு வாங்கிய குடும்பம் கேட்கலாம், பதிய முடியாது. எனவே பல பத்தாண்டுகள் சாதாரண வீடு, பிழையற்ற வித்துவான்களின் ஒலியை மட்டுமே அறிந்திருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், இழந்த வாய்ப்பை மீட்டுத் தந்தது. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோரின் பெட்டிகளில் வந்திறங்கிய டேப் ரெக்கார்டர்கள், 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இந்திய வீடுகளைப் பதிவகங்களாக்கின. சிவப்புப் பொத்தானை அழுத்தியவருக்கு முதன்முறையாகத் தம் பிழை காதில் விழுந்தது.

ஆனால் கேசட் இரு வகைப் பிழைகளைக் கலந்தே தந்தது. முதல் வகை வாசிப்பின் பிழை: சுருதி விலகல், காலப்பிரமாணம் குலைதல், வீணையின் மெட்டுக்கு நிகரான ஃப்ரெட்டில் தந்தி உராய்ந்து எழும் 'கர்' ஒலி, சரியாக அழுத்தப்படாமல் ஊமையாகும் தந்தி. இரண்டாம் வகை பதிவின் பிழை: நாடாவின் இரைச்சல், ஒலியளவு வரம்பு மீறிச் சிதைதல், அறையின் எதிரொலி, அருகே செல்லும் இரயில், தகரக் கூரையில் மழை. கேட்பவர் பெரும்பாலும் இரண்டாம் வகையையே முதலில் சொல்வார். அது எல்லார்க்கும் கேட்கும். அதைக் களைய முனைபவர் விலையுயர்ந்த ஒலிவாங்கியைத் தேடிச் செல்வார். முதல் வகைப் பிழையோ அப்படியே தங்கிவிடும். சிலர் செயற்கை எதிரொலியைச் சேர்த்து அதை மூடியும் விடுவர்.

இவ்விரு வகைகளையும் பிரித்தறிந்தால் என்ன நிகழும் என்பதற்கு 'இளைய நிலா' வெளிவந்த அதே 1982ஆம் ஆண்டில் ஒரு சான்று கிடைக்கிறது. அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், சனவரித் தொடக்கத்தில், நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில் தம் வாடகை வீட்டின் படுக்கையறையில், கிட்டாருடன் சில பாடல்களைப் பதிந்தார். கருவி, 1979இல் சந்தைக்கு வந்த நான்கு தடக் கேசட் பதிவான். இசைக்குழுவினருக்குப் பாடலைக் காட்டுவதற்கான மாதிரி என்பதே அப்பதிவின் நோக்கம். உறையும் இல்லாமல் அக்கேசட் அவருடைய கால்சட்டைப் பையில் கிடந்தது. பின்னர் நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் முழுக்குழுவும் வாசித்தது. பதிவின் பிழைகள் நீங்கின. பாடல்களின் உயிரும் நீங்கியதாக அவருக்குப் பட்டது. இறுதியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தொகுப்பாக வெளியாயிற்று. எந்தப் பிழையைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க, ஒப்பிட்டுச் சொல்லும் நம்பகமான செவிகள் அவரைச் சுற்றி இருந்தன. அவர் புகழ் அவருக்குச் செய்த பேருதவி அதுவே எனலாம்.

ஒப்பிட்டுச் சொல்லும் அச்செயலுக்குத் தமிழில் இன்று வழங்கும் சொல் 'பின்னூட்டம்'. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலான இச்சொல்லின் ஆங்கில மூலம் மின்னணுப் பொறியியலிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக், 1927 ஆகஸ்டு 2 அன்று, வேலைக்குச் செல்லும் வழியில், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் அமர்ந்து, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கமொன்றில் ஒரு வரைபடத்தை எழுதினார். பெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலியலையின் சிறு பகுதியைத் தலைகீழாக்கி மீண்டும் உள்ளே செலுத்தினால், பெருக்கி தானாகச் சேர்க்கும் சிதைவு கழிந்துவிடும் என்பது அவர் கண்ட வழி. இதன் பெயர் எதிர்மறைப் பின்னூட்டம். இதற்கு ஒரு விலையும் உண்டு: ஒலியின் உரப்பு குறையும். தலைகீழாக்காமல் அப்படியே திருப்பிச் செலுத்தினால் அது நேர்மறைப் பின்னூட்டம். ஒலிபெருக்கிக்கு எதிரே கிட்டாரை நீட்டும்போது எழும் ஊளை அதன் விளைவு.

பொதுவழக்கில் இவ்விரு தொடர்களின் பொருள் இடம் மாறியிருப்பது மொழியியலாளரின் கவனத்திற்குரியது. இன்று நேர்மறைப் பின்னூட்டம் என்றால் பாராட்டு, எதிர்மறை என்றால் மனம் நோகும் சொல். பொறியியலின் பொருளிலோ சிதைவைக் கழிப்பது எதிர்மறையே. வீட்டுப் பதிவுக்குக் கிடைக்கும் 'அருமை', 'சூப்பர்' ஆகிய சொற்கள் உள்ளே வந்ததையே பெருக்கித் திருப்புகின்றன. உரப்பு கூடும், பிழை குறைவதில்லை. வசை மொழியும் இதே குறைபாட்டை உடையது. 'நன்றாக இல்லை' என்னும் கூற்றில் கழிப்பதற்குரிய அளவு எதுவும் இல்லை.

பயன்படும் விமரிசனத்திற்குத் தமிழிலேயே பழைய முன்மாதிரி உண்டு. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களைச் சீவகன் விலக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுகிறான். ஒன்றின் மரம் நீரில் நின்றது, மற்றொன்றின் மரம் இடி விழுந்தது. தீர்ப்பை மட்டும் வழங்காமல் குற்றத்தின் வகையையும் இருப்பிடத்தையும் அவன் சுட்டுகிறான். வீட்டுப் பதிவின் உண்மையான பயனும் இதுவே. 'இரண்டாம் அடியின் மூன்றாவது கார்டுக்கு மாறும்போது தாளம் பிந்துகிறது' என்று ஒருவர் சொன்னால், வாசித்தவர் நாடாவைச் சுழற்றி அதே இடத்தைக் கேட்கலாம், மறுக்கலாம், ஒப்புக்கொள்ளலாம். பிழை வாசித்தவரின் உடலை விட்டு நீங்கி இருவருக்கும் நடுவே ஒரு பொருளாக வந்து அமர்கிறது. குருவின் முன் கூனிக் குறுகவேண்டிய தேவையும், சபையின் மௌனத்தைப் படிக்கவேண்டிய தேவையும் அங்கில்லை.

இன்று பதிவுக் கருவி எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. 'ஆடாசிட்டி' போன்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் 2000ஆம் ஆண்டு முதலே கிடைக்கிறது. கருவியின் விலை இனித் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்காது. இன்னும் சமமாகப் பங்கிடப்படாதது, பொறுமையாகக் கேட்டு இடம் சுட்டிச் சொல்லும் ஒருவரின் ஐந்து நிமிடங்களே. சபைகளிலும் கல்லூரிகளிலும் பயிற்சி பெற்ற செவிகள் ஏராளம் உள்ளன. அவை தண்டவாளத்தைக் கடந்து ஓர் இரைச்சல் மிகுந்த பதிவைக் கேட்க முன்வந்தால், முதலில் இரயிலின் ஓசையை ஒதுக்கிவைத்துவிட்டு, தாளம் எங்கே பிந்துகிறது என்று கேட்பதே முறை.