நாபோத்தின் தோட்டமும் நாகூர்க் கரையும்

ஆரோக்கிய அன்னையின் பெருவிழாவுக்காக ஆகஸ்டு இறுதியில் காவியுடை உடுத்தி வடக்கிலிருந்து நடந்து வரும் திருப்பயணிகள், காரைக்காலைக் கடந்து நாகூர் வழியாகவே வேளாங்கண்ணியை அடைகின்றனர். நாகூர் தர்காவின் மினாராக்கள் தொலைவிலேயே தென்படும். அவற்றைக் கண்டவுடன், 'அன்னையின் இல்லம் அருகில்தான்' என்று களைத்த கால்களுக்குப் புதுத் தெம்பு பிறக்கும். அச்சாலையின் இருமருங்கும் விரிந்து கிடப்பது காவிரியின் கடைமடை. வெட்டாறு தன் நெடும்பயணத்தை முடித்துக் கடலோடு கலப்பதும் இங்கேதான்.

அண்மை ஆண்டுகளில் இப்பாதையில் நடந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நாற்று நட வேண்டிய வயல்களில் வண்ணம் பூசிய எல்லைக் கற்கள் நடப்பட்டுள்ளன. நன்செய் மேடாக்கப்பட்டு, மனைப்பிரிவுகளாகி, வளைவு கட்டிப் பெயரும் சூட்டப்படுகிறது. விற்றவருக்கு விலை கிடைத்தது. வாங்கியவருக்குப் பத்திரம் கிடைத்தது. இதில் தவறென்ன என்று கேட்கலாம். ஆனால் விலை கொடுத்து வாங்கியவருக்கு நிலத்தின்மீது வரம்பற்ற உரிமை உண்டா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. நாகூர்க் கரைக்கு அது புதிய கேள்வியன்று.

ஓர் அரசர் விற்ற ஊர்

தர்காவின் மினாராக்களுள் மிக உயர்ந்ததைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவர் மகன் துளஜா பெரும் கடன் நெருக்கடியில் சிக்கினார். 1773இல் அவர் நாகூரை ஒலாந்தர் கம்பெனிக்கு விலைக்குக் கொடுத்தார். 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியிருந்த ஒலாந்தர்க்கு, அடுத்திருந்த இத்துறைமுகம் வாய்ப்பான சரக்காகத் தோன்றியது. ஆர்க்காட்டு நவாபும் அவருக்குத் துணைநின்ற ஆங்கிலேயரும் இவ்விற்பனையை ஏற்கவில்லை. ஒலாந்தர் ஊரை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1776இல் துளஜாவுக்கு அரியணை மீண்டும் கிடைத்தபின், நாகூரும் அதனைச் சார்ந்த 277 கிராமங்களும் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குச் சென்றன.

அரசர், நவாபு, இரு வணிகக் கம்பெனிகள் என இத்தனை கைகள் மாறியபோதும், உழுதவரையும் வலை வீசியவரையும் எவரும் கலந்துகொள்ளவில்லை. நிலத்தோடு சேர்த்து மனிதரும் விற்கப்பட்டனர் என்றே சொல்ல வேண்டும். பத்திரத்தில் பெயரில்லாதவருக்கு நிலத்தின் எதிர்காலத்தில் பேச்சில்லை என்ற வழக்கம் அதன் பின்னரும் நீடித்தது.

வெண்மணிக்குப் பின்

அவ்வழக்கத்தின் கொடிய விளைவைக் கண்டது 1968ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு நாள். உலகெங்கும் ஆலயங்களில் அமைதியின் கீதம் ஒலித்த டிசம்பர் 25ஆம் நாள் இரவில், நாகூருக்கு மேற்கேயுள்ள கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமாவர். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது.

அத்துயரம் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் என்னும் சர்வோதயத் தம்பதியரைக் கீழத்தஞ்சைக்கு இழுத்து வந்தது. வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்தில் நடந்து பழகியவர்கள் அவர்கள். 1981இல் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' எனும் லாப்டியைத் தொடங்கினர். அவர்கள் நிலத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. நிலவுடைமையாளரோடு பேசி, நியாய விலைக்கு இசையச் செய்து, வங்கிக் கடன் பெற்று, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்னும் அளவில் உழைக்கும் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்தனர்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். 1773இலும் நிலம் விலைக்கு மாறியது. லாப்டியின் முயற்சியிலும் விலைக்கே மாறியது. வாங்குவதும் விற்பதும் தம்மளவில் பாவமல்ல. முன்னதில் நிலத்தால் வாழ்ந்தோர் கணக்கில் இல்லை. பின்னதில் அவர்களே கணக்கின் முதல் வரி.

உப்பு ஏறிய வயல்கள்

1990களின் தொடக்கத்தில் இக்கடற்கரைக்குப் புதிய கம்பெனிகள் வந்தன. ஏற்றுமதி இறாலுக்காகக் கரையோர நிலங்கள் விரைந்து விலைபோயின. குளம் வெட்டி, எந்திரம் வைத்துக் கடல்நீரை ஏற்றினர். குளத்துக்குள் நின்ற உப்பு குளத்தோடு நிற்கவில்லை. அது அண்டை வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் கசிந்தது. தீவன எச்சமும் மருந்தும் கலந்த கழிவுநீர் வடிகால் வாய்க்கால்களில் இறங்கியது. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் பலரை அழைத்த நிலம், இப்போது சில காவலாளிகளோடு நிறைவடைந்தது. மீனவர் கடற்கரைக்குச் செல்லும் பாதைகளும் அடைபட்டன. 1994–95இல் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கரையெங்கும் பரவி இறாலை அழித்தது. கைவிடப்பட்ட குளங்களில் எஞ்சியது உவர்மண்.

விற்றவர் தம் நிலத்தைத்தான் விற்றார். வாங்கியவர் தம் நிலத்தில்தான் குளம் வெட்டினார். விற்காத அண்டை வீட்டார் ஏன் தண்ணீருக்கு அலைய வேண்டும்? இக்கேள்வியையே முதுமையிலும் தளராத ஜெகந்நாதன், 1994இல் உச்சநீதிமன்றத்தில் வழக்காகத் தொடுத்தார்.

நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் நேரில் ஆய்ந்து அறிக்கை அளித்தது. இறாலால் வரும் வருவாயைவிட அதனால் விளையும் சேதமே பெரிது என்பது அதன் முடிவு. 1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அமைந்த பண்ணைகள், மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, 1997 மார்ச் 31க்குள் அகற்றப்பட வேண்டும். விளைநிலம், உப்பளம், சதுப்பு நிலம், கிராமப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றலாகாது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும். வேலையிழக்கும் பண்ணைத் தொழிலாளர்க்குக் கூடுதல் இழப்பீடாக ஆறாண்டு ஊதியம் தர வேண்டும் என்றெல்லாம் ஆணையிட்டனர்.

தீர்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை என்பதையும் மறைக்கலாகாது. 2005இல் இயற்றப்பட்ட கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு பெற்ற பண்ணைகள் தொடர வழி திறந்தது. ஆயினும் நிலத்தை வாங்கிய கம்பெனியின் பொறுப்பு அதன் வேலியோடு முடிவதில்லை என்று நாட்டின் உயர்ந்த மன்றம் சொல்லிவிட்டது.

சட்டமும் மனச்சான்றும்

2004 டிசம்பர் 26 அன்று கடலே கரையேறி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். உப்பேறிய வயல்களை ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும் உழவர் மெல்ல மெல்ல மீட்டனர். புண்பட்ட நிலம் பொறுமைக்கு இணங்கி ஆறும். ஆனால் மேடாக்கித் தார்ச்சாலை போட்ட வயலை எந்தப் பூண்டும் மீட்காது.

சட்டங்கள் வராமல் இல்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட நடுவண் அரசின் மனை வணிகச் சட்டம், வாங்குவோர் செலுத்தும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்கவும், கட்டுமானக் குறைகளை ஐந்தாண்டு வரை சரிசெய்து தரவும் கடமைப்படுத்தியது. 2020இல் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, எண்ணெய் எரிவாயுக் கிணறுகள், உருக்காலைகள், தோல் பதனிடுதல் முதலியவற்றைப் புதிதாகத் தொடங்கத் தடை விதித்தது. அத்தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. மனை வாங்குவோரைக் காக்கச் சட்டமிருக்கிறது. அடைபட்ட வாய்க்காலால் மூழ்கும் அடுத்த வயலுக்காக அழுவது யார்?

சட்டம் நின்றுவிடும் அவ்விடத்தில்தான் மனச்சான்று தொடங்க வேண்டும். நீரோட்டம் அறிந்து சாலை போடுவதும், குளத்தையும் வாய்க்காலையும் தூர்க்காதிருப்பதும், வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்தை மேட்டுநிலமென்று சொல்லி விற்காதிருப்பதும், வேலையிழக்கும் உழவுத் தொழிலாளரை எண்ணிப் பார்ப்பதும் ஒரு நிறுவனத்துக்கு எட்டாத அறங்கள் அல்ல.

நாபோத்தின் மறுமொழி

ஆகாபு அரசன் நாபோத்திடம் நயமாகத்தான் பேசினான். திராட்சைத் தோட்டத்துக்கு ஈடாக அதைவிட நல்ல தோட்டம் தருவதாக அல்லது உரிய விலை தருவதாகச் சொன்னான். நாபோத்து மறுத்தான். அவனுக்கு அது மூதாதையரிடமிருந்து பெற்று, அடுத்த தலைமுறையிடம் சேர்க்க வேண்டிய உரிமைச் சொத்து. நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் அந்நியராய்த் தங்குவோர் என்னும் லேவியர் நூலின் போதனையே அம்மறுப்பின் வேர். ஒவ்வொரு தனியுடைமையின்மீதும் சமூகத்தின் அடமானம் ஒன்று உண்டு என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987இல் எழுதினார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் அதையே மீண்டும் நினைவூட்டினார். அந்த அடமானம் எந்த வில்லங்கச் சான்றிலும் வராது. ஆயினும் அது தீராத கடனாகவே நிற்கிறது.

கம்பெனிகளை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றி நாம் கைகழுவிவிட முடியாது. மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ கடைசி வேலி நிலத்தை விற்றவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். அவர்களின் இக்கட்டை நாம் அறிவோம். சேமிப்பென்று எண்ணி, பார்த்தேயிராத வயலில் மனை வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. விற்கும் முன்பும் வாங்கும் முன்பும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நிலத்தால் வாழ்ந்தவர்கள் இனி எப்படி வாழ்வார்கள்?

அடுத்த முறை நாகூரைக் கடந்து அன்னையின் இல்லம் நோக்கி நடக்கையில், சாலையோரத்து வயலைச் சற்றே நின்று பார்ப்போம். நாற்றுக்கும் எல்லைக் கல்லுக்கும் இடையே நம் செபமாலையின் ஒரு மணியாவது அவ்வயலில் உழைத்தவர்களுக்காக உருளட்டும்.