கேஸுக்கு நாத்தம் வந்த கதை

டொரண்டோவுல ஒரு பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கிற நேயர் ஒருத்தங்க வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, நான் படுக்கிற ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் ஃபர்னஸ் இருக்கு. ராத்திரியில திடுதிப்புன்னு ஆன் ஆகுது. கேஸ் லீக் ஆனா வாசம் வரும்ல, அப்ப பாத்துக்கலாம்னு ஹவுஸ் ஓனர் சொல்றாரு. அது போதுமா?"

போதாது. ஏன் போதாதுங்கிறதுதான் இன்னிக்கு எபிசோட்.

குளிர் தேசம் பக்கம் போகாதவங்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். ஃபர்னஸ்ங்கிறது பீரோ மாதிரி ஒரு பெட்டி. உள்ளே கேஸ் எரியும். அந்தச் சூடு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிற உலோக அறைக்குள்ள இருக்கும். வீட்டுக் காத்து அந்த உலோகத்தை வெளிப்பக்கமா உரசிச் சூடாகி, டக்ட் வழியா எல்லா ரூமுக்கும் போகும். எரிஞ்ச புகை தனிக் குழாய்ல வீட்டுக்கு வெளியே போயிடும். காத்து ஒரு வழி, புகை ஒரு வழி. ரெண்டும் எங்கேயும் கலக்கக் கூடாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பி வருவோம்.

இப்போ 1937-க்குப் போகலாம். அமெரிக்காவில் கிழக்கு டெக்ஸாஸ், நியூ லண்டன் என்ற சிற்றூர். 1930-ல் அந்தப் பக்கம் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. பணம் கொட்டியது. அந்தக் காசில் ஒரு பிரம்மாண்டமான பள்ளிக்கூடம் கட்டினார்கள். கட்டடத்தைச் சூடாக்க ஒரே இடத்தில் பாய்லர் வைத்து நீராவி அனுப்புவதாகத்தான் முதல் திட்டம். அதை விட்டுவிட்டு, கட்டடம் முழுக்க 72 கேஸ் ஹீட்டர்களை மாட்டினார்கள்.

1937 தொடக்கத்தில் பள்ளி நிர்வாகம் செலவைக் குறைக்க ஒரு வேலை செய்தது. காசு கொடுத்து வாங்கிய கேஸை நிறுத்திவிட்டு, பக்கத்தில் போன எண்ணெய்க் கம்பெனிக் குழாயிலிருந்து கழிவு கேஸை இழுத்துக்கொண்டது. எண்ணெய் எடுக்கும்போது கூடவே வரும் கேஸ் அது. கம்பெனிகள் அதைச் சும்மா எரித்துவிடும். ஊரில் பல வீடுகளும் இப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தன, யாரும் பெருசா கண்டுக்கல. மிச்சமானது மாசம் 300 டாலர் அளவுதான்.

அந்த கேஸுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. எங்கோ ஒரு இணைப்பில் கசிந்து, தரைக்கு அடியில் இருந்த காலி இடத்தில் சேர்ந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் தலைவலிக்குது என்று சொல்லியிருக்கிறார்கள். அதை யாரும் கேஸோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

மார்ச் 18, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணி தாண்டியாச்சு. பள்ளி விட இன்னும் கொஞ்ச நேரம்தான். தச்சு வேலை வகுப்பில் மரத்தைத் தேய்க்கும் மின்சார மெஷினை ஆசிரியர் ஆன் செய்தார். ஒரு சின்னப் பொறி. கூரை மேலே எழும்பி, அப்படியே கீழே விழுந்தது. கிட்டத்தட்ட 300 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். பள்ளிக் கண்காணிப்பாளரின் மகனும் அதில் ஒருவன். இடிபாட்டில் ஒரு கரும்பலகை கிடைத்தது. எண்ணெயும் இயற்கை எரிவாயுவும்தான் இந்த மண்ணுக்குக் கிடைத்த வரம் என்ற பொருளில் அதில் எழுதியிருந்ததாம்.

அடுத்த சில வாரங்களில் டெக்ஸாஸ் சட்டமன்றம் ஒரு விதி கொண்டுவந்தது: கேஸில் நாத்தம் சேர்த்தே ஆகணும். அதுக்குன்னு கலப்பது மெர்காப்டன் வகைக் கந்தகச் சேர்மங்கள். அழுகின முட்டை, அழுகின முட்டைக்கோஸ் மாதிரி வாடை. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பிறகு மற்ற இடங்களுக்கும் இந்தப் பழக்கம் பரவியது. நம்ம வீட்டு சிலிண்டர்ல ரெகுலேட்டர் சரியா மாட்டலேன்னா வருமே ஒரு வாடை, அதுவும் எத்தில் மெர்காப்டன்தான். "அடுப்பைச் சரியா மூடலையா?"ன்னு அம்மா ஹால்லேர்ந்து கத்துறாங்கன்னா, அந்த வாடையை யாரோ வேணும்னே சேர்த்து வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இயற்கை எரிவாயு காத்துல சுமார் 5 சதவீதம் சேர்ந்தாதான் தீப்பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 சதவீதம் இருக்கும்போதே வாடை தெரிந்துவிட வேண்டும் என்பது இன்றைய அமெரிக்க விதி. ஓட நேரம் கிடைக்கும்.

அப்போ ஹவுஸ் ஓனர் சொன்னது சரிதானே? பாதி சரி.

முதல் சிக்கல், தூங்குகிறவருக்கு மூக்கு வேலை செய்வதை நம்ப முடியாது. முழிச்சிருந்தாலும் வாடை மெல்ல மெல்ல ஏறினா மூக்கு பழகிடும். ரெண்டாவது சிக்கல் அதைவிடப் பெருசு. மெர்காப்டன் சொல்வது எரியாத கேஸைப் பற்றி மட்டும்தான். எரியும்போது அந்த வாடையும் சேர்ந்து எரிந்துபோகும். கேஸ் அரைகுறையாக எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசமே கிடையாது.

இதோட கதை இன்னும் பழசு. 1896-ல் வேல்ஸில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து, 57 பேர் பலி. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் உடல்களைப் பரிசோதித்தார். பெரும்பாலானோரைக் கொன்றது வெடிப்பு கிடையாது, அதற்குப் பிறகு பரவிய கார்பன் மோனாக்சைடு என்று கண்டறிந்தார். இந்த வாயுவைத் தானே சுவாசித்து, உடம்பு என்ன ஆகிறது என்று குறிப்பெடுத்தவர் அவர். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது பிடித்துக்கொள்ளும். மனுஷனுக்கு முன்னாடியே சின்னப் பிராணிகள் மயங்கிவிடும் என்பதால் சுரங்கத்துக்குள் அவற்றைக் கொண்டுபோகச் சொன்னார் ஹால்டேன். அப்படி வந்ததுதான் கேனரிக் குருவி. பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை அந்தக் குருவி வேலையில் இருந்தது, அப்புறம் அதோட இடத்துக்கு மின்னணுக் கருவி வந்தது.

வீடுகளுக்கு அந்தக் கருவி கட்டாயமாக ரொம்ப நாள் ஆச்சு. 2008 கடைசியில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் ஊரில், கேஸ் கணப்பின் புகைவழி அடைத்துப்போய், ஒரே குடும்பத்தில் நாலு பேர் இறந்தார்கள். வீட்டில் அலாரம் இல்லை. உறவினர்கள் விடாமல் போராடி, 2013-ல் அந்த மாகாணத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் சட்டமானது. வாடகை வீட்டில் அதை மாட்டிப் பராமரிப்பது ஓனர் பொறுப்பு. அதனால தயங்காம கேளுங்க தங்கச்சி. அவர் செய்றது உபகாரம் இல்ல, கடமை.

இப்போ அந்த ரெண்டு வழிக்குத் திரும்புவோம். ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல விரிசல் விட்டா, புகை வீட்டுக் காத்தோட கலக்கலாம். வெளியே புகைக்குழாய் வாயைப் பனி மூடினா, புகை போக வழியில்லை. ஃபில்டர்ல தூசி அடைச்சா காத்து ஓட்டம் குறைஞ்சு, உலோகம் அளவுக்கு மேல சூடாகும். அதுவே விரிசலுக்கு ஒரு காரணம். அதனால ஃபில்டரை ஒண்ணு முதல் மூணு மாசத்துக்குள்ள மாத்தணும். பனி கொட்டின காலையில குழாய் வாயைப் பாக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் வர்றதுக்கு முன்னாடி, லைசென்ஸ் உள்ள டெக்னீஷியன் உள்ளே திறந்து பாக்கணும். ஃபர்னஸ் பக்கத்துல பெயின்ட், துணி மூட்டை வேண்டாம். தீ நீலமா நிலையா எரியணும். மஞ்சளா தள்ளாடினா ஆளைக் கூப்பிடுங்க.

அலாரம் படுக்கிற ரூமுக்குப் பக்கத்துல இருக்கட்டும். மாசம் ஒரு தடவை பட்டனை அழுத்திப் பாருங்க. கருவிக்கும் காலாவதித் தேதி உண்டு, பின்பக்கம் போட்டிருக்கும். வீட்ல ஒரே நேரத்துல எல்லாருக்கும் தலைவலி, குமட்டல், வெளியே போனா சரியாகுதுன்னா, ஃப்ளூன்னு விட்டுடாதீங்க. உடனே வெளியே வந்து அவசர உதவியைக் கூப்பிடுங்க. கேஸ் வாடை வந்தா சுவிட்சைத் தொடாதீங்க. வெளியே போய் அங்கிருந்து போன் பண்ணுங்க. நம்ம ஊர்ல பாத்ரூம் கதவைச் சாத்திட்டு கேஸ் கீசர் போடுறவங்களுக்கும் ஆபத்து இதே வாயுதான்.

நியூ லண்டன்ல பிள்ளைங்க தலைவலிக்குதுன்னு சொன்னப்ப, அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்ல அங்க ஒரு கருவியும் இல்ல, ஒரு வாடையும் இல்ல. உங்களுக்கு ரெண்டும் கிடைக்கும். இன்னிக்கு ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி அலாரம் இருக்கான்னு மேலே பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.