காலணாவும் நயா பைசாவும்

ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நான்கு காலணா, காலணாவுக்கு மூன்று தம்பிடி என்ற கணக்கு, 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சட்டப்படி முடிவுற்றது. அன்றுதொட்டு ரூபாய்க்கு நூறு நயா பைசா. ரூபாயின் மதிப்பு அணுவளவும் மாறவில்லை. நோட்டுகளும் அவ்வாறே செல்லுபடியாயின. மாறியது சில்லறை மட்டுமே. ஆயினும் ஏழை எளியோர் அன்றாடம் கையாண்டது அச்சில்லறையைத்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

நூறு என்னும் எண்ணைப் பதினாறால் மீதியின்றி வகுக்க இயலாது. ஆகவே 1955-ஆம் ஆண்டின் நாணயத் திருத்தச் சட்டம் ஒரு விதி வகுத்தது: அரைப் பைசாவும் அதற்குக் குறைந்ததும் தள்ளப்படும், அரைக்கு மிகுந்தது முழுப் பைசாவாகும். இதன்படி ஓரணா 6 நயா பைசா, இரண்டணா 12, மூன்றணா 19. நாலணா மட்டும் பிசகின்றி 25 ஆயிற்று. காலணாவின் நேர் மதிப்பு ஒன்றரைப் பைசாவுக்குச் சற்றே மேல். ஆதலின் விதிப்படி அது 2 ஆயிற்று. காலணாப் பண்டத்தை அறுபத்துநான்கு முறை வாங்குபவர் பழைய கணக்கில் கொடுத்தது ஒரு ரூபாய். புதிய கணக்கிலோ ஒரு ரூபாய் 28 பைசா! ஓரணாவாகப் பதினாறு முறை வாங்குபவருக்கோ 4 பைசா மிச்சம். மொத்தமாக வாங்குவோருக்கு இரண்டுமே பொருட்டன்று. காலணாவுக்கு உப்பும் வெற்றிலையும் வாங்கியவருக்குத்தான் கணக்கு இடித்தது.

பழங்காசும் புதுக்காசும் சில ஆண்டுகள் ஒருங்கே புழங்கின. இரண்டணாவும் சதுரம், ஐந்து நயா பைசாவும் சதுரம். ஓரணாவின் விளிம்பு வளைவு வளைவாக இருக்கும். பத்து நயா பைசாவின் விளிம்பும் அவ்வாறே. எழுத்தறியாதவர் தொட்டுப் பார்த்தே காசறிந்த காலம் அது என்பதை எண்ணினால் இடர்ப்பாடு விளங்கும். 'ரூபாயின் நூறில் ஒரு பகுதி' என்று காசிலேயே பொறித்திருந்தனர், ஆனால் இந்தியில். வடபுலத்தில் குடியேறிய தமிழர் அதனைப் படித்திருக்கக்கூடும். ஊரில் இருந்த உறவினருக்கு எண் ஒன்றே துணை.

பதினாறு என்பது பொருளற்ற எண்ணன்று. பாதி, கால், அரைக்கால், மாகாணி எனப் பொருளை இரண்டிரண்டாகப் பகுத்துச் செல்லும் நம் பழைய கீழ்வாய்க் கணக்கில், ரூபாயின் மாகாணியே ஓரணா. வாய்ப்பாடு பயின்ற கடைக்காரருக்குத் தாளும் வேண்டா, எழுதுகோலும் வேண்டா. எனினும் வங்கியிலும் இரயில்வேயிலும் தபாலிலும் பேரேடு எழுதுவோருக்குப் பதின்கூற்று முறை பெருந்துணை என்பதில் ஐயமில்லை. அண்டை நாடான இலங்கை 1872-லேயே ரூபாய்க்கு நூறு சதம் என வகுத்துக்கொண்டது, நாம்தான் தாமதித்தோம்.

'நயா' என்னும் அடைமொழி, பழைய பைசாவினின்று பிரித்தறியவே சேர்க்கப்பட்டது. 1964 ஜூன் முதல் நாள் அது நீக்கப்பட்டது. சொற்கள் மட்டும் சட்டத்துக்கு எளிதில் பணியவில்லை. 25 காசைத் தமிழர் நாலணா என்றனர். இந்தி பேசுவோர் சவன்னி என்றனர். பொருள் ஒன்றே. முழு உண்மையை அவர்கள் 'பதினாறு அணா உண்மை' என்று இன்றும் கூறக் கேட்கிறோம். அந்த நாலணா 2011 ஜூன் 30-உடன் செல்லாததாயிற்று. எட்டணாவாகிய 50 காசு சட்டப்படி இன்றும் செல்லும். வாங்கிக்கொள்ளத்தான் கடைக்காரர் தயங்குகிறார்.