சதாசிவத்துக்குக் கூடமா, பலகையா?

மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தது 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி. அங்கே புல் முளைப்பதற்கு முன்னமே கொக்குவிலில் பெயர்ச் சண்டை தொடங்கிவிட்டது. பார்வையாளர் கூடம் ஒன்றுக்கு யாருடைய பெயரை வைப்பது? எங்கள் சந்தியில் மாலையில் கூடுகிற பழைய ஆட்டக்காரர், நடுவர்கள், ஓய்வுபெற்ற வாத்திமார் எல்லார் வாயிலும் முதலில் வருகிற பெயர் மகாதேவா சதாசிவம். அடுத்த மூச்சிலேயே மறுப்பும் வரும்.

“பெண்சாதி கொலைக் கேசில மறியலில கிடந்த ஆளின்ரை பேரையோ பிள்ளையளுக்குக் காட்டப் போறியள்?”

“கோடு விட்ட மனிசனைப் பிடிக்க நீர் ஆர் காணும்?”

எழுபது வருடத்துக்கு மேலாக இந்த இரண்டு வசனங்களும் மாறவில்லை, சொல்கிறவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூட மட்சுகளுக்கு ஓட்டப்பதிவு எழுதிக் காலம் கழித்தவன். மைதானத்தில் யார் கத்தினாலும் தலையை நிமிர்த்தாமல் நடந்ததை எழுதுவதுதான் அந்த வேலை. சதாசிவத்தின் கணக்கையும் அப்படியே எழுதிப் பார்க்கிறேன்.

1915இல் பிறந்தவர். படித்தது கொழும்பு வெஸ்லி கல்லூரியில். ஆடியது தமிழ் யூனியன் கழகத்துக்கு. அந்தக் கழகத்தின் கொழும்பு ஓவல் மைதானம்தான் அவருடைய அரங்கு. 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக இலங்கைக்காக 215 ஓட்டங்கள். 1948 மார்ச் 27ஆம் திகதி, இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடியது. எதிரே இலங்கைக்குத் தலைவர் சதாசிவம். பிரட்மன் எடுத்தது 20. 1950இல் பிராங்க் வொரெல் முதலானோர் இருந்த கொமன்வெல்த் அணிக்கு எதிராகச் சதாசிவம் 96. உலக அணி ஒன்றைத் தெரியச் சொன்னால் முதலில் எடுப்பது சதாசிவத்தைத்தான் என்று வொரெல் சொன்னதாக ஒரு பேச்சு இலங்கைக் கிரிக்கெட்டில் அப்பன் வாயிலிருந்து மகன் காதுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பிறகு சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளுக்குத் தலைவராக இருந்தவர் என்று எங்கள் கிழவர்கள் விரலை மடக்கிச் சொல்வது அதைத்தான்.

ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு திகதியோடு. 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென்ற் அல்பன்ஸ் பிளேசில் இருந்த வீட்டில் அவருடைய மனைவி பரிபூரணம் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். உடல் கிடந்தது கார் கொட்டகையில். கணவன் மனைவிக்கு இடையில் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது. சதாசிவத்துக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பும் இருந்தது. வீட்டு வேலைக்காரன் வில்லியம், ஐயாவுக்குத் தான் உதவி செய்ததாகச் சொல்லி, மன்னிப்புப் பெற்று, அரச தரப்புச் சாட்சியானான்.

1953இல் நடந்த விசாரணை 57 நாள் நீண்டது. நீதியரசர் கிரேஷியன். எதிரிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. வழக்கின் முடிச்சு ஒரு நேரக் கணக்கில் இருந்தது. சதாசிவம் வீட்டிலிருந்து டாக்சியில் போனது காலை 10.30 அளவில். பரிபூரணம் இறந்தது அதற்கு முன்னா, பின்னா? உடல் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குளிரும் என்பதை வைத்து மருத்துவர்கள் மோதினார்கள். எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் எதிரி தரப்புக்காக வந்து சாட்சி சொன்னார். படுக்கையறையில் கொலை நடந்தது என்று வில்லியம் சொல்ல, இறந்தவரின் உள்ளங்கால் அழுக்கு குசினியைக் காட்டுகிறது என்றார் அவர். ஜூன் 25ஆம் திகதி ஜூரிமார் ஏகமனதாகக் குற்றவாளி அல்ல என்றார்கள். இருபது மாதம் மறியலில் இருந்த சதாசிவம் வெளியே வந்தார். மன்னிப்புப் பெற்ற வில்லியத்தையும் தண்டிக்க வழியில்லை. அந்தக் கொலைக்கு இன்றுவரை ஒருவரும் தண்டனை பெறவில்லை.

இந்தச் செய்தி கொக்குவிலுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் ஊர் சுருட்டு ஊர். கொக்குவில், கொண்டாவில், இணுவில் பக்கத்துக் கொட்டில்களில் சுற்றிய சுருட்டு தென்னிலங்கைச் சிங்கள ஊர்களில் இருந்த யாழ்ப்பாணத்தார் கடைகளுக்குப் போகும். எங்கள் ஐயாவும் சுருட்டுத் தொழிலாளி. கொட்டிலில் கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். அதனால் ஒருவர் பேப்பர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றுவார்கள். வாசிக்கிறவருடைய பங்கையும் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பது வழக்கம் என்று ஐயா சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கொரியச் சண்டையைப் பற்றி வாதாடியது அந்தக் கொட்டில்களில்தான். சதாசிவம் வழக்கும் அப்படித்தான் நாள் நாளாக வாசிக்கப்பட்டது. வாசிக்கிறவர் குறுக்கு விசாரணைக்கு வந்தால் குரலை மாற்றுவாராம். அன்று இலை பழுதாகிறதைக்கூட ஒருவரும் கவனிக்கமாட்டார்களாம்.

கொட்டிலில் இரண்டு கட்சி இருந்தது. ஆனால் அவர்கள் பிரிந்தது சதாசிவம் கொன்றாரா இல்லையா என்பதில் மட்டுமில்லை. கொல்வின் சமசமாஜக் கட்சித் தலைவர். தொழிலாளருக்காகப் பேசுகிறவர் பணக்கார வீட்டுக் கிரிக்கெட்காரனுக்காகக் கறுப்புக் கோட்டுப் போடுவதா என்று கம்யூனிஸ்டுகள் குத்துவார்கள். தூக்குமரத்துக்கு முன்னால் பணக்காரனும் தனி ஆள்தான் என்று சமசமாஜிகள் திருப்பிக் கொடுப்பார்கள். தீர்ப்பு வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, ஆகஸ்ட் 12ஆம் திகதி அரிசி விலைக்கு எதிரான ஹர்த்தால். அதன் முன்வரிசையிலும் கொல்வின். ‘அப்புக்காத்துவேலை முடிச்சு ஆள் திரும்ப எங்களிட்டை வந்திட்டார்’ என்று கொட்டிலில் சிரிப்பு. சதாசிவத்தின் விடுதலையை எங்கள் ஊர் இப்படித்தான் ஏற்றுக்கொண்டது, வாதத்தில் வென்ற ஒரு கெட்டிக்காரத்தனமாக. அவர் நிரபராதி என்று மனதுக்குள் முடிவு கட்டியவர்கள் குறைவு. கொல்வின் கெட்டிக்காரன் என்று ஒப்புக்கொள்ளாதவர் இல்லை. இன்றும் சந்தியில் நிற்கும் சந்தேகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆட்டக்காரனின் பெருமைக்கு நீதிமன்றம் கணக்கா என்ற கேள்வி எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் பேஸ்போலுக்கு ஒரு புகழ்மண்டபம் உண்டு. 1939இல் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் திறந்தார்கள். பத்திரிகையாளர்கள் வாக்களிப்பார்கள், நூற்றுக்கு 75 வேண்டும். ஆட்டத்தோடு நேர்மையையும் குணத்தையும் பார்க்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அங்கே ஜோ ஜக்சன் என்று ஒருவர். 1919 இறுதித் தொடரைத் தோற்பதற்குக் காசு வாங்கியதாக அவர்மீதும் அவருடைய அணியினர் எழுவர்மீதும் குற்றச்சாட்டு. 1921இல் ஜூரி விடுதலை செய்தது. மறுநாளே பேஸ்போல் ஆணையாளர் லாண்டிஸ், ஜூரி என்ன சொன்னாலும் சரி, இவர்கள் இனி ஆடக்கூடாது என்று ஆயுள்தடை போட்டார். பீற் ரோஸ் என்பவர் 4256 அடிகளோடு சாதனை வைத்தும், தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதால் 1989இல் தடைப்பட்டார். 2024இல் இறக்கும்வரை மண்டபத்துக்குள் போகவில்லை. 2025 மே மாதம்தான், இறந்தவர்களுக்குத் தடை பொருந்தாது என்று இருவர் பெயரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

ஜக்சனையும் சதாசிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஜக்சன்மேல் வந்தது ஆட்டத்துக்கு உள்ளே செய்த குற்றம். கோடு விட்டது, ஆட்டம் விடவில்லை. சதாசிவத்துக்குக் கோடும் விட்டது, ஆட்டமும் விட்டது. வேறு நாடுகள் தலைமையும் கொடுத்தன. விடாதது ஊர் வாய் மட்டும்.

கிரிக்கெட்டின் உலகப் புகழ்மண்டபத்தை இவருக்காகக் கேட்பதில் பயனில்லை. சர்வதேச கிரிக்கெட் சபை அதை 2009இல் தொடங்கியது. இலங்கையிலிருந்து முதலில் போனவர் முரளிதரன், 2016இல். பிறகு 2021இல் சங்கக்காரவும் மஹேலவும், 2023இல் அரவிந்த. எல்லாரும் டெஸ்ட் ஆடியவர்கள். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல். சதாசிவம் 1977 ஜூலையிலேயே இறந்துவிட்டார். முதல் டெஸ்ட் 1982இல் நடந்தது அவருடைய அதே ஓவலில், பி. சரவணமுத்து மைதானம் என்று பெயர் மாறிய பிறகு. ஆகவே இது நாங்களே தீர்க்க வேண்டிய வழக்கு.

இந்த நாடு எல்லாரையும் ஒரே தராசில் போடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சதாசிவத்தோடு ஆடிய எப்.சி. டி சேரம் ஒக்ஸ்போர்டுக்காக 1934இல் அவுஸ்திரேலியருக்கு எதிராக 128 எடுத்தவர், பெரிய துடுப்பாட்டக்காரர். 1962இல் அரசாங்கத்தைக் கவிழ்க்க நடந்த சதியின் தலைவர்களில் ஒருவரும் அவரே. தண்டனை விதிக்கப்பட்டு, பிரிவிக் கவுன்சில் சட்டப் பிழை கண்டு அதை நீக்கியதால் வெளியே வந்தார். அவரைப் பற்றிக் கிரிக்கெட்காரர் பேசும்போது 128 முதலில் வரும், சதி கடைசியில் வரும். சதாசிவத்துக்கு மட்டும் வரிசை தலைகீழ்.

பெயரை ஊர் எப்படித் தாங்கும் என்பதற்கும் யாழ்ப்பாணத்தில் சாட்சி இருக்கிறது. மேயர் அல்பிரட் துரையப்பாவைத் துரோகி என்று 1975இல் சுட்டார்கள். நகரத்தின் பெரிய விளையாட்டரங்கு அவர் பெயரோடுதான் போரையும் கடந்து வந்தது. அவரை ஏற்காதவர்களின் பிள்ளைகளும் துரையப்பாவில் மட்ச் என்றுதான் சொல்கிறார்கள்.

இவ்வளவையும் வைத்து நானும் சதாசிவத்தின் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். ஒருநாள் வாதம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த என் மருமகள் கேட்டாள்: “மாமா, இவ்வளவு நேரமாச் சதாசிவம், கொல்வின், வில்லியம் எண்டு கதைக்கிறியள். செத்த மனிசியின்ரை பேர் என்ன?” கூட்டத்தில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. சேப்பாக்கத்து 215ஐ நித்திரையில் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள்.

பரிபூரணம் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பேத்தி. பெண்பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று 1913இல் மருதனார்மடத்தில் கல்லூரி எழுப்பியவர் இராமநாதன். அவர் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில்தான் இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் ஒரு வளாகமாகத் தொடங்கியது. எங்கள் கொக்குவிலிலிருந்து நடந்து போகும் தூரம். தாத்தாவின் பெயர் சொல்லும் கட்டடங்களுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு பேத்தியின் பெயரை மறந்திருக்கிறோம். நான்கு பெண்பிள்ளைகளின் தாய் அவர்.

அதற்குப் பிறகு என் கணக்கு வேறுமாதிரி நின்றது. கொலையை வைத்துச் சதாசிவத்தை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஏழு பேர் 57 நாள் கேட்டுச் சொன்ன முடிவை, கொட்டிலில் பேப்பர் கேட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள் திருத்த முடியாது. விடுதலை பெற்றவனைச் சந்தேகத்தால் தண்டிப்பது ஊருக்கு அழகுமில்லை. அதேநேரம் கூடத்துக்குப் பெயர் வைப்பது ஒருவர் எங்களுக்குச் செய்ததற்குக் காட்டும் நன்றி. சதாசிவம் யாழ்ப்பாணக் கிரிக்கெட்டுக்குச் செய்தது என்ன? அவர் வெஸ்லியின் பிள்ளை, தமிழ் யூனியனின் பிள்ளை. இங்கே கிரிக்கெட்டைக் காப்பாற்றியவை பள்ளிக்கூடங்கள். சென்ற் ஜோன்ஸும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் 1904இலிருந்து ஆடும் பெரும் சமர் மாதிரியான மட்சுகளும், ஊரடங்குக்கு நடுவிலும் மட் விரித்த விளையாட்டு ஆசிரியர்களும்தான். விளையாட்டில் ஒரு பெரிய பெயர்தான் வேண்டும் என்றால் மத்திய கல்லூரியின் எதிர்வீரசிங்கத்தின் பெயர் இருக்கிறது. 1958இல் தோக்கியோவில் உயரம் பாய்ந்து ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்தவர். இரண்டு ஒலிம்பிக் கண்டவர்.

சதாசிவத்துக்கு உரியது வேறு. மைதானத்தில் பழைய ஆட்டக்காரருக்கு ஒரு காட்சியறை வைத்தால், அங்கே அவருக்கு ஒரு பலகை வேண்டும். அதில் சேப்பாக்கத்து 215 இருக்கட்டும், பிரட்மனுக்கு எதிரான தலைமை இருக்கட்டும், கொமன்வெல்த் அணிக்கு எதிரான 96 இருக்கட்டும், சிங்கப்பூரும் மலாயாவும் இருக்கட்டும். 1951இல் மனைவி பரிபூரணம் கொல்லப்பட்டார், 1953இல் இவர் குற்றவாளி அல்ல என விடுவிக்கப்பட்டார், கொலைக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை என்ற வரிகளும் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். ஓட்டப்பதிவில் சதத்தையும் எழுதுவோம், ஆட்டமிழந்த விதத்தையும் எழுதுவோம். ஒன்றுக்காக மற்றதை அழிக்கிறவனைப் பதிவாளர் மேசையில் வைத்திருக்கமாட்டார்கள்.

சந்தியில் இதைச் சொன்னபோது இரண்டு பக்கமும் என்மேல் கோபப்பட்டது. கூடம் கேட்டவர்களுக்குப் பலகை போதாது. பெயரே வேண்டாம் என்றவர்களுக்குப் பலகையும் கூட. நான் இரண்டு பேரிடமும் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பலகையில் எந்த வரி பொய்? பொய் என்று ஒரு வரியைக் காட்டட்டும், வெட்டிவிடுகிறேன். பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு வரியையும் வெட்டமாட்டேன்.