கஞ்சா கடைக்குத் தடை... பெட்ரோல் பங்கில் போதை மிட்டாய்! கலிபோர்னியாவில் நடந்தது என்ன?

கலிபோர்னியாவில் 21 வயதானவர்கள் கஞ்சா வாங்கலாம். 2016-ல் மக்களே ஓட்டு போட்டு கொண்டுவந்த சட்டம் இது. 2018 ஜனவரி 1 முதல் விற்பனையும் தொடங்கியது. ஆனா மாநிலம் ஓகே சொன்னா மட்டும் போதாது. ஊருக்குள் கடை வேணுமா, வேண்டாமா என்பதை அந்தந்த நகராட்சியும் கவுண்டி நிர்வாகமும்தான் முடிவு செய்யும். பாதிக்கும் மேற்பட்டவை 'வேண்டாம்' என்றே சொல்லிவிட்டன.

அப்புறம் மிட்டாய் எப்படி வந்தது? ஹெம்ப் வழியாக. அதுவும் கஞ்சா செடிதான். போதை தரும் டிஹெச்சி கம்மி, அவ்வளவுதான். உலர்ந்த எடையில் டெல்டா-9 டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அது போதைப்பொருள் இல்லை என்றது 2018 அமெரிக்க விவசாயச் சட்டம்.

செடிக்குப் போட்ட இந்தக் கணக்கைத்தான் மிட்டாய் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. 4 கிராம் மிட்டாயில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம். லைசென்ஸ் பெற்ற கஞ்சா கடையிலேயே ஒரு வேளைக்கு உச்சவரம்பு 10 மில்லிகிராம்தான்! அப்போது இதற்கு கஞ்சா லைசென்ஸ் தேவைப்படவில்லை, வயது வரம்பும் இருக்கவில்லை. நகராட்சி போட்ட தடை இங்கே செல்லாக்காசாக இருந்தது.

2024 செப்டம்பரில் மாநில அரசு அவசர விதி போட்டது. துளி டிஹெச்சி தெரிந்தாலும் ஹெம்ப் உணவு, பானம் விற்கக் கூடாது. 2025 நவம்பரில் மத்திய அரசும் ஒரு பாக்கெட்டுக்கு 0.4 மில்லிகிராம் என வரம்பை இறுக்கியது. அமலுக்கு வர ஓராண்டு அவகாசம்.