கலைமான் வினாதல்: துறையும் தொழிலும்

காரைக்காலை அடுத்த தருமபுரம் குன்றறியா ஊர். வயலும் வாய்க்காலும் சூழ்ந்து, கிழக்கே கடல் ஒலிக்கும் நிலம். ஆயினும் அங்கு எழுந்தருளியுள்ள யாழ்மூரிநாதர்மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகம், பிடியின் நடையையும் மலைமகளையும் முன்னிறுத்தியே தொடங்குகிறது. காவிரிக் கடைமடைப் புலவர்க்குக் குறிஞ்சி பாட்டின் வழியே வந்து சேர்ந்த நிலம். அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று 'கலைமான் வினாதல்' என்னும் அகத்துறை. தினைப்புனம் காக்கும் மகளிரை அணுகி, தன் அம்புபட்ட கலைமான் அவ்வழி வந்ததோ எனத் தலைவன் வினவுவது அது. இதனைக் காதலுக்கான சாக்கு என்று மட்டும் கொள்வாருளர். அச்சாக்கின் அடியில் ஒரு தொழில் உண்டு.

அம்பு, விலங்கின் குருதியை வடியச் செய்தே கொல்வது. ஆகவே அது பட்ட இடமே முடிவைத் தீர்மானிக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே பாய்ந்து நுரையீரலை ஊடுருவினால், மான் சிறிது தொலைவிலேயே வீழும். தடத்தில் நுரை கலந்த செங்குருதி காணப்படும். ஈரலில் பட்டால் குருதி கருஞ்சிவப்பாகும். வயிற்றில் பட்டாலோ குருதி குறைவு. அம்பில் குடலின் நாற்றம் வீசும். விலங்கு பல மணி நேரம் உயிரோடு அலையும். உடனே துரத்தினால் அது நெடுந்தொலைவு ஓடும், தடமும் அற்றுப்போகும். பொறுத்திருந்து தேடினால் கிடைக்கக் கூடும். எய்தபின் பாதித் தொழிலே முடிந்தது. மீதி, தேடலும் வினாவலுமே.

சங்கச் சான்றோர் இதனை அறிந்திருந்தனர். குறிஞ்சிப்பாட்டில் சினந்து வரும் களிற்றின் முகத்தில் தலைவன் அம்பைச் செலுத்துகிறான். குருதி வழிய, களிறு புறங்காட்டுகிறது. வீழ்ந்தது என்று கபிலர் கூறவில்லை. முகத்து அம்பு களிற்றைத் திருப்பும், வீழ்த்துதல் அரிது. வல்வில் ஓரியின் ஓரம்பு வேழம், புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு 152இல் வன்பரணர் பாடியது புகழ்ச்சி; கபிலர் பாடியது நிகழ்ச்சி.

அக்குறிஞ்சிப்பாட்டிலேயே தலைவன் தப்பிய விலங்கைக் 'கெடுதி' என்று குறித்து மகளிரிடம் வினவுகிறான். அகநானூறு 82இல் அம்பைத் தெரிந்துகொண்டு யானை சென்ற நெறியைக் கேட்டு நிற்கிறான் ஒருவன். கண்டோர் பலராயினும் துயில் இழந்தவள் தலைவி ஒருத்தியே. அகநானூறு 48இல் வேங்கைப்பூக் கொய்யும் மகளிர் 'புலி' என்று எழுப்பிய ஆரவாரத்தை மெய்யென நம்பி வந்தவன், அவ்விலங்கு சென்ற திசையை வினவுகிறான்.

இவ்வினா ஏன் எடுபட்டது? புண்பட்ட விலங்கைக் கைவிடுதல் வில்லோனுக்கு இழுக்கு; புண்பட்ட களிறோ புனங்காப்பார்க்குப் பேரிடர். எனவே அதனைத் தேடி வருபவன் அயலார் புனத்தில் நின்று பேசலாம்; மறுமொழி கூறுதலும் முறையாகும். அந்நம்பகத்தின்மீதே காதல் தன் முதற்சொல்லை வைத்தது. வேட்டுவன் எவனும் கேட்கக்கூடிய வினாவாயிருந்ததால்தான் அது காதலனுக்கு மறைவாயிற்று.

பின்னர் மாணிக்கவாசகரின் 400 பாடல்கள் கொண்ட திருக்கோவையாரில் இது துறைகளாக வகுக்கப்பட்டது. வேழம் வினாதலுக்குப்பின் கலைமான் வினாதல், வழி வினாதல், பதி வினாதல், பெயர் வினாதல் என வினா படிப்படியே காட்டிலிருந்து கன்னியை நோக்கி வருகிறது. அவ்வரிசையிலேயே சாக்கு வெளிப்பட்டுவிடுகிறது. பிற்காலக் கோவைகளைப் பாடிய புலவர் பலர், வில்லும் குருதித்தடமும் அறியாமலே இத்துறைகளை நிரப்பினர். துறை நின்றது, தொழில் மறைந்தது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் இந்தியாவில் மான் வேட்டை குற்றமாயிற்று. காரைக்காலுக்குத் தெற்கே, 1967இல் சரணாலயமான கோடியக்கரையில் இரலைகள் அம்புக்கு அஞ்சாது மேய்கின்றன. அது நன்றே. ஆயினும் இத்துறையைப் பாடப் புகுவோர், புண்பட்டு ஓடிய உயிர்க்குப் பொறுப்பேற்றவனின் கவலையை அவ்வினாவில் கேட்டல் வேண்டும். அது கேளாதவிடத்துக் கலைமான் வெறும் சொல்லாகவே எஞ்சும்.