உரல் ஆட்டிய டிபன்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் ஊரில் எழுபதுகள் வரை 'டிபன்' என்ற பேச்சே கிடையாது. காலையில் எதிர்ப்பட்டவரிடம் 'கஞ்சி குடிச்சாச்சா?' என்றுதான் கேட்பார்கள். கம்பங்கஞ்சி, சோளச்சோறு, நெல்லுச்சோறு ஆக்கிய வீட்டில் மறுநாள் நீச்சத்தண்ணி. தொட்டுக்கொள்ள வெங்காயம், சுட்ட வத்தல். இட்லிக்குப் பெயர் பலகாரம். தீபாவளிக்கு வரும், காய்ச்சலில் படுத்தால் கடையிலிருந்து வாங்கி வருவார்கள்.

டிபன் வெள்ளைக்காரர்கள் இங்கே நடுப்பகலில் எடுத்துக்கொண்ட சிற்றுணவின் பெயர். வேளை கெட்ட வேளையில் குடிப்பதைக் குறித்த ஆங்கிலக் கொச்சையிலிருந்து வந்தது என்கிறது 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. தமிழ்நாட்டில் அதைக் காலைக்கும் மாலைக்கும் உரியதாக்கியவை காப்பி கிளப்புகள். பலவற்றின் வாசலில் 'பிராமணாள்' பலகை தொங்கியது. திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் 1957இல் மறியலே நடத்த வேண்டியிருந்தது.

வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிளப்புகளோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குள் இட்லி தினசரிப் பண்டமாக வராமல் தடுத்தது ஆட்டுரல் என்பேன். என் அம்மாச்சி பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வந்து தீபாவளிக்கு முந்தின ராத்திரி உரலடியில் உட்காருவாள். உளுந்து தனி, அரிசி தனி. வலது கை குழவியைச் சுற்ற, இடது கை மாவைத் தள்ளிக் கொடுக்கும். பெரிய குடும்பம், ஆட்டி முடிக்க நடுச்சாமம் ஆகிவிடும். மறுநாள் அவள் தோளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டது நான்தான். அந்த வேலையைத் தினமும் செய் என்று எந்த மனசாட்சியோடு ஒருத்தியிடம் சொல்ல முடியும்?

1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். பிறகு அந்த ஊரே கிரைண்டர் ஊரானது. புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் ஊருக்குக் கரண்டு வந்து, கூலிக்கு மாவாட்டித் தரும் கடை ஒன்று திறந்த பிறகுதான் சாதாரண நாளிலும் இட்லிக் கொப்பரை அடுப்பேறியது. கஞ்சி குடிச்சாச்சா என்று கேட்ட வாய்கள் டிபன் ஆச்சா என்று கேட்கத் தொடங்கின.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலை ஆசையாகப் படித்தேன். உப்புமா, கிச்சடி, பொங்கல். முந்தின ராத்திரியே ஊறப்போட்டு ஆட்ட வேண்டியது எதுவும் அதில் இல்லை. விடியுமுன் எழுந்து சமைக்க வரும் பெண்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.